கோட்டை வாசலில் இருபது நிமிடம்

திருகோணமலைக்கு வந்து போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற ஒரு குறை உண்டு. "கடலும் கோயிலும் சரி, மற்றும்படி பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? நல்ல கட்டடம் எல்லாம் காம்ப்தானே." இதில் பொய் இல்லை. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றிய பழைய கட்டடங்களில் பெரும்பங்கு டொக்யாட் என்கிற கடற்படைத் தள வேலிக்குள், கடற்படையிடம். உவர்மலைப் பக்கம் போனால் ஆளுநர் செயலகமும் மாகாண அலுவலகங்களும். ஒரு மாகாணத்தின் தலைநகர் என்கிறோம். உள்ளே போய் ஆறுதலாக நின்று பார்க்கக்கூடிய பழைய அரச கட்டடங்களோ விரல் விட்டு எண்ணுமளவுதான். ஆனாலும் இந்தக் குறையை ஒத்துக்கொண்ட பிறகும் மனம் முழுதாகச் சமாதானமாவதில்லை. இங்கே நிற்கிற பழைய கட்டடங்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தால், யாரோ ஒருவர் விடாமல் குடியிருந்ததால்தான் அவை நிற்கின்றன. ஆள் போன கட்டடங்களை ஆலும் அரசும் எடுத்துக்கொண்டுவிட்டன. இதை எந்தப் படைக்கும் கொடுக்கிற நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டடத்தைக் காப்பாற்றியதும் நம்மிடமிருந்து மறைத்ததும் ஒரே பயன்பாடுதான். அந்த முடிச்சு அவிழ்வதாக இல்லை.

தலைநகர் என்ற பெயரே இந்த ஊருக்குப் புதிது. 1988இல் வடக்குக் கிழக்கு மாகாண சபை அமைந்தபோது திருகோணமலை தலைநகரானது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2007 ஜனவரியோடு மாகாணங்கள் பிரிந்த பிறகு கிழக்குக்கு மட்டும் தலைநகர். ஆகவே தலைநகருக்கென்று திட்டமிட்டு எழுப்பிய பெரிய மண்டபங்களை இங்கே தேடுவதில் பயனில்லை. இருக்கிற பழைய கட்டடங்கள் எல்லாம் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்டவை. கப்பல், பீரங்கி, வெடிமருந்து, அவற்றைக் காத்த அதிகாரிகளின் வீடு. மாகாண அலுவலகங்களையும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தையும் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம், அதற்கு மேல் அவற்றில் சுற்றுலா இல்லை. அலுவல் நாளில், அலுவல் நேரத்தில், அலுவலோடு போகிறவர்களுக்கான இடங்கள் அவை.

நிற்க வேண்டிய இடம்

பிரெட்ரிக் கோட்டையின் வாசலை இந்த நாட்டுத் தமிழர்களில் பாதிப் பேராவது ஒரு தடவை கடந்திருப்பார்கள். கோணேசர் கோயிலுக்கு வேறு வழி இல்லை. பஸ் கட்டி வருகிற கூட்டம் பூசைக்குப் பிந்திவிடக் கூடாது என்ற அவசரத்தில் வாகனத்துக்குள் இருந்தபடியே வாசலைத் தாண்டிவிடுகிறது. தாண்டிய கையோடு மான்கள் தெரியும், பிள்ளைகள் கத்தும், எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம் போய்விடும். ஊரிலேயே பெறுமதியான காட்சிப்பொருள் பின்னால் போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது. அதற்குக் கண்ணாடிப் பெட்டி இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை.

வாசலுக்கு மேலே பிரித்தானிய அரச இலச்சினை. அதனோடு 1675 என்ற ஆண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆண்டு ஒல்லாந்தருடையது (டச்சுக்காரர்), இலச்சினை பிறகு வந்தவர்களுடையது. பிரித்தானியர் கோட்டையைக் கடைசியாகப் பிடித்தது 1795இல், யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை வைத்தது 1803இல். அதற்கு முன்னே 1639இல் ஒல்லாந்தர், 1672இல் கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர், 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஜனவரியில் பிரித்தானியர், ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரன் என்று கை மாறி மாறிப் போயிருக்கிறது.  வந்தவர்கள் கிடைத்ததன் மேல் தங்கள் அடையாளத்தை ஏற்றிவிட்டுக் குடியேறினார்கள்.

இப்போது கண்ணைக் கீழே இறக்கி வாசலின் இரு பக்கத்து நிலைக்கற்களைப் பார்க்க வேண்டும். கயல் மீன் இரண்டு செதுக்கிய கல் தெரியும். பாண்டியரின் இணைக்கயல். 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் இணைக்கயல் பொறித்ததைத் தமிழ்நாட்டுக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. வாசலில் இருக்கிற கயல் அதே கயல்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றில் இருக்கிற வரியும் இங்கே கையெட்டும் தூரத்தில் இருக்கிற கல்லும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கோட்டைக்குள்ளிருந்து கிடைத்த இன்னொரு துண்டு இதற்கும் மூத்தது: கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம், சோடகங்கன் என்ற பெயர், கோகர்ணம் என்று இத்தலத்தைக் குறிக்கும் சொல், சக ஆண்டு 1145, அதாவது கி.பி. 1223.

அதே வாசலில்தான் எல்லோரும் வாயால் சொல்லும் அந்த வெண்பாவின் உடைந்த பாகம் இருக்கிறது. "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்குவது. குளக்கோட்டன் கோயிலுக்குத் திருப்பணி செய்த மன்னன், பறங்கி என்றால் போர்த்துக்கீசர். வீட்டில் கேட்ட பாட்டைக் கல்லில் தேடிப் போகிறவர் முதலில் ஏமாறுவார். நிலைக்கல் ஒடுக்கமானது, ஆகவே ஒரு வரிக்கு இரண்டு மூன்று எழுத்துத்தான். சொல் எங்கே வேண்டுமானாலும் முறிந்து அடுத்த வரிக்கு இறங்கும். புள்ளி இடும் வழக்கம் அக்காலக் கல்வெட்டில் இல்லாததால் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றுபோலத் தெரியும். சில எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. மேலிருந்து கீழே, இடைவெளியைக் கணக்கில் எடுக்காமல், எழுத்துக்கூட்டிக்கொண்டு இறங்கினால் "குள" முதலில் பிடிபடும், பிறகு "பற", அடுத்த வரியில் "ங்கி". அந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வரும். இதை எதிர்காலம் உரைத்த வாக்கு என்று ஊர் நம்புகிறது. பறங்கி என்ற சொல் உள்ளே இருப்பதால், பறங்கி வந்த பிறகு யாரோ மனம் வெந்து வெட்டிய எழுத்து என்பதே என் வாசிப்பு. வாக்கை விட அதுதான் கனமானது.

இங்கேதான் "எல்லாம் காம்ப்" என்ற குறை வேறு முகம் காட்டுகிறது. போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே 1624இல் கோட்டையைக் கட்டினான். கடலுக்குள் உருட்டிவிட்ட கல் கடலோடு போயிற்று. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் நிற்கிற சுவாமி மலையடியில் முக்குளித்தபோதுதான் அவற்றில் சில மறுபடி வெளியுலகத்துக்குத் தெரிந்தன. மண்ணில் புதைத்து வைத்த செப்புத் திருமேனிகள் 1950இல் நகரசபையார் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. ஆனால் இந்த எழுத்துக்கல் ஒரு நாளும் தொலையவில்லை. கதவுக்கு நிலையாக வைத்தார்கள், வைத்ததால் தேவைப்பட்டது, தேவைப்பட்டதால் பின்னால் வந்த நான்கு படைகளும் அதைப் பிடுங்கவில்லை. கோயிலை இடித்தவனைச் சொல்லி அழும் எழுத்து, அவன் எழுப்பிய கோட்டையின் வாசலைத் தாங்கிக்கொண்டே பிழைத்திருக்கிறது. பயன்பாடு என்பது காப்பாற்றலா பறிமுதலா என்று இந்தக் கல்லின் முன் நின்று கேட்டால் ஒரு பக்கத்துப் பதில் கிடைக்காது.

பார்க்கும் முறை பற்றி. வாகனத்தில் வந்தால் வாசலுக்கு வெளியே இறங்கி, வாகனத்தை முன்னே அனுப்பிவிடுங்கள். இங்கிருந்து கோயில் படியடி வரை நடை ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு, பாதை நிழலானது. காலையில் முதல் பஸ் கூட்டம் வருவதற்கு முன் போவது நல்லது, ஏனென்றால் வாசல் ஒரு வாகனம் போகிற அளவுதான். பின்னால் ஹோர்ன் அடிக்கிறபோது கல்வெட்டு வாசிக்க முடியாது. வாசலில் இருக்கும் படையினரிடம் "எழுத்துக்கல்லைப் பார்க்க வேண்டும், படம் எடுக்கலாமா" என்று முதலிலேயே கேட்டுவிடுவது முறை. கேட்காமல் எடுக்கிறவருக்குத்தான் பிரச்சினை. எழுத்து மங்கலாக இருந்தால் முகத்துக்கு நேராக வெளிச்சம் அடிக்கக் கூடாது. பள்ளம் மேடு எல்லாம் ஒரே நிறமாகிவிடும். கைப்பேசி விளக்கைக் கல்லோடு கல்லாக, பக்கவாட்டில், பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் எழும்பாமல் பிடித்தால் ஒவ்வொரு கீறலும் நிழல் விழுத்தும். தண்ணீர் தெளிப்பது, சோக்கு தேய்ப்பது, விரலால் உரசிப் பார்ப்பது மூன்றும் வேண்டாம். சோக்குத் தூள் கல்லின் துளைக்குள் இறங்கினால் பிறகு தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டிவரும், எழுத்தின் விளிம்பு தேய்வது அந்தத் தூரிகையால்தான்.

கோட்டைக்குள் மற்றவை விரைவாக முடியும். வெல்லெஸ்லி வீடு என்று காட்டும் கட்டடம் பின்னாளில் வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லி தங்கியது. அவர் இங்கே நோயில் கிடந்ததால் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் மூழ்கியது, அதனால்தான் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான் என்று வழிகாட்டிகள் சுவையாகச் சொல்வார்கள். பாதி சரி. 1800 முடிவில் அவர் ஒரு படையெடுப்பை ஒழுங்கு செய்ய இங்கே வந்தார். நோயில் விழுந்தது மறுஆண்டு பம்பாயில். கப்பல் மூழ்கியது உண்மை. சுவாமி மலையில் பிரான்சினா வான் ரீட் பெயரில் 1687இல் நட்ட தூணுக்கும் இதே விதி. காதலனைப் பிரிந்து கடலில் பாய்ந்தாள் என்பது கதை. அவள் பிறகு மணம் முடித்தாள் என்பது ஒல்லாந்த ஆவணம். என்னைக் கேட்டால் அவள் கதையை விடத் தூண்தான் முக்கியம். அதுவும் பழைய கோயிலின் தூண், திருப்பி நட்டு எழுத்து வெட்டியது.

சுண்ணாம்பும் உப்பும்

அடுத்துப் போக வேண்டியது கடல்சார் அருங்காட்சியகம். ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் வசித்த இரண்டு தட்டு வீடு. இடிந்து கிடந்ததை நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடு திருத்தி 2013இல் திறந்தார்கள். ஓட்டோக்காரரிடம் "மரிடைம் மியூசியம்" என்றால் தெரியும். உள்ளே கப்பல் மாதிரிகள், கடற்பயண வரலாறு, கடல்வாழ் உயிரினங்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அடுக்கியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், காட்சிப்பொருள்களை விடக் கட்டடமே பார்க்கத் தகுந்தது.

முதலில் ஒரு யன்னல் ஓரத்தில் நின்று சுவரின் தடிப்பைக் கையால் அளந்து பாருங்கள். இந்தக் கரையில் ஒல்லாந்தர் காலத்துச் சுவர் என்றால் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) கருங்கல்லும் கலந்து, முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. இரும்பு இல்லை, சீமெந்து இல்லை. பாரம் முழுவதையும் தடிப்பே தாங்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே நின்றால் முகம் எரியும். இந்தச் சுவருக்குள், உயர்ந்த கூரைக்கும் விறாந்தைக்கும் நடுவே, அந்தச் சூடு மத்தியானம் கழிந்துதான் வந்து சேரும். கூரையில் அரைவட்டப் பீலி ஓடா, தட்டையான கள்ளிக்கோட்டை ஓடா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம். தட்டை ஓடு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது, ஆகவே ஒல்லாந்தக் கட்டடத்தில் அதைக் கண்டால் கூரை மாற்றப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு சுவரின் கீழ்ப் பாகத்தைப் பாருங்கள். இந்த ஊரின் எந்தப் பழைய கட்டடத்திலும், அரச அலுவலகமானாலும் தேவாலயமானாலும், நிலத்திலிருந்து இடுப்பளவு வரை ஒரு பட்டை தெரியும்: பூச்சு அப்பளம்போல உப்பி, தட்டினால் வெற்றொலி கேட்டு, ஓரத்தில் வெள்ளைப் பூ பூத்திருக்கும். நிலத்தின் ஈரம் சுவருக்குள் ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. முருகைக்கல்லுக்குள் ஏற்கனவே கடலுப்பு இருக்கிறது, மாரியில் வாடைக்காற்று இன்னும் கொண்டுவந்து அடிக்கிறது. சுண்ணாம்புப் பூச்சென்றால் ஈரம் அதன் துளைகள் வழியே வெளியேறிவிடும். உப்பு மேற்பரப்பில் பூக்கும், ஈர்க்கு விளக்குமாற்றால் தட்டிவிடலாம், சில ஆண்டுக்கு ஒருமுறை மேலால் சுண்ணாம்பு அடித்தால் போதும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், உப்புப் பூத்த இடத்தைக் கண்டதும் யாரோ ஒருவர் "பலமாகப் பூசிவிடுவோம்" என்று சீமெந்து போடும்போது. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. ஈரம் அதற்குப் பின்னால் அடைபட்டு இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவில் பளிங்காகி விரியும், கடைசியில் சீமெந்துப் பூச்சு விழும்போது பழைய சாந்தையும் கல்லின் முகத்தையும் சேர்த்தே பிய்த்துக்கொண்டு விழும். அதற்கு மேல் எமல்ஷன் பெயின்ற் அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். பழைய அரச கட்டடங்களின் விறாந்தைச் சுவர்களில் வருடாவருடம் ஒரே இடத்தில் பெயின்ற் உரிவதற்குக் காரணம் கொந்தராத்துக்காரரின் களவு மட்டுமல்ல, இதுவும்தான்.

திருத்துவதற்கு வழி தெரியாமல் இல்லை. சீமெந்தைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காய விட்டு, வாரக்கணக்கில் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு என்று கலந்து, ஒரே தடவையில் தடிப்பாக அல்லாமல் மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். கடற்கரை மணலைக் கழுவாமல் போட்டால் உப்பை நாமே கொண்டுபோய் வைத்த மாதிரி. ஒவ்வொரு படையும் இறுக நாள் எடுக்கும், வெயிலில் சடுதியாகக் காய்ந்தால் வெடிக்கும், ஆகவே ஈரச்சாக்குப் போட வேண்டும். இதற்கு நாளும் கையும் வேண்டும்; விலைமனுப் படிவத்தில் இரண்டுக்கும் இடமில்லை. பழைய சுண்ணாம்பும் இனிக் கிடைக்காது. முருகைக்கல் அகழ்வது கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை. அந்தத் தடை சரியானதே, கரையை அரிப்பிலிருந்து காப்பது அந்த முருகைக்கல்தான். கோட்டையும் ஆணையாளர் வீடும் நிற்பது ஒருகாலத்துக் கடலடியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் என்பதை அருங்காட்சியகத்தின் கடல்வாழ் உயிரினப் பகுதியில் ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கலாம்.

டொக்யாட் வேலிக்குள்

ஹூட்ஸ் ரவர் நூதனசாலைக்குப் போக டொக்யாட் வாயிலால்தான் நுழைய வேண்டும். தேசிய அடையாள அட்டை கட்டாயம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு. பிரதியை நம்பி வர வேண்டாம். போகும் வழியில் படம் எடுக்க விடமாட்டார்கள். கடற்படை நிகழ்ச்சி ஏதும் இருந்தால் அன்றைக்கு வாயில் திறக்காமலும் போகலாம், ஆகவே இதை மட்டும் நம்பி ஒரு நாளை ஒதுக்காதீர்கள். இந்தத் தளம் பிரித்தானியரிடமிருந்து 1957இல் கைமாறியது. மேலே, துறைமுக வாயைப் பார்த்த முகட்டில், ஒல்லாந்தரின் ஒஸ்டன்பேர்க் கோட்டை. அதன் மேல் பிரித்தானியரின் பீரங்கித் தளம். கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட் பெயரில் அவதானிப்புக் கோபுரம். கோபுரத்தில் ஏறினால் உட்துறைமுகம், வெளித்துறைமுகம், கொட்டியாரக்குடா மூன்றும் ஒரே பார்வையில் விழும். இந்த ஊருக்காக ஏன் இத்தனை நாட்டார் அடித்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் கீழே ஒஸ்டன்பேர்க் மதிலைப் பார்த்தால் முதலில் சொன்ன முடிச்சு மறுபடி இறுகும். அதே கல், அதே சாந்து, அதே ஒல்லாந்தக் கை. பிரெட்ரிக் கோட்டை மதில் நிமிர்ந்து நிற்கிறது. இதைக் காடு பிடித்திருக்கிறது. குருவி எச்சத்தில் வந்த ஆலம் விதை சாந்தின் வெடிப்பில் விழுகிறது, முதலாண்டு வேர் நூல் மாதிரி, பத்தாண்டில் கல்லைத் தள்ளுகிற தடிப்பு. அப்போது மரத்தை வெட்டினால் உள்ளே வேர் உக்கி வெற்றிடமாகிச் சுவர் சரியும், வெட்டாவிட்டாலும் சரியும். கன்றாக இருக்கும்போது பிடுங்குவதுதான் ஒரே மருந்து. அதற்கு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கத்தியோடு மதிலைச் சுற்றி வர வேண்டும். ஆள் குடியிருக்கிற கோட்டையில் அது தானாக நடந்துவிடுகிறது.

நாளை எப்படிப் பிரிப்பது என்று கேட்பவர்களுக்கு. வெயில் ஏறுமுன் கோட்டை வாசல், பிறகு உள்ளே நடந்து கோயில். நடுப்பகலில் நடை சாத்துவார்கள், அதற்குள் தரிசனம் முடிந்துவிடும். மத்தியான வெயிலுக்கு மரிடைம் மியூசியம். போயா (பௌர்ணமி) தினங்களையும் அரச விடுமுறைகளையும் தவிர்த்துக்கொள்ளுங்கள், கோயிலில் கூட்டம், மியூசியத்தில் பூட்டு. வெயில் தாழ டொக்யாட் வீதியோரத்துப் பழைய சேமக்காலை: எழுத்தாளர் ஜேன் ஒஸ்டினின் தம்பி, 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்த கடற்படை அதிகாரி சார்ள்ஸ் ஒஸ்டினின் கல்லறையும், இந்த ஊரிலிருந்தே தொலைநோக்கியில் வியாழனை ஆராய்ந்து 1908இல் இறந்த மோல்ஸ்வேர்த்தின் கல்லறையும் அங்கே இருக்கின்றன. அடையாள அட்டை கையில் இருந்து, வாயிலும் திறந்திருந்தால் ஹூட்ஸ் ரவர். நேரம் போதாவிட்டால் விட வேண்டியது ஹூட்ஸ் ரவரைத்தான், வாசலை அல்ல. தொல்பொருள் திணைக்களத்தார் ஒரு வேலை செய்யலாம்: வாசலுக்குள் பலகை வைக்காமல், வெளியே வாகனங்கள் சோதனைக்காக வரிசையில் நிற்கும் இடத்தில், எழுத்துக்கல்லின் படியையும் அதன் வாசிப்பையும் மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி நட்டுவிடலாம். எப்படியும் அங்கே ஐந்து பத்து நிமிடம் சும்மா நிற்கத்தானே வேண்டியிருக்கிறது.